பத்தொன்பதாம் கட்டம்

எங்கள் அச்சகத்தில் ஒரு நாளுக்கு
மூன்று விரல் அகலம் தருவோம்.
மேலே எண். கீழே அன்றைய புனிதர்.
ஓரத்தில் நிலா.
மிச்சமிருந்தால் பொடி எழுத்தில்
அன்று நடந்தது ஏதாவது.

மெக்சிகோ நகரம், டாக்டோரெஸ் பேட்டை.
சோளம் அரைக்கும் மில்லுக்கும்
சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் உட்கார்ந்து
நாற்பது வருடமாகக் காலண்டருக்குப் பிழை திருத்துகிறேன்.
செப்டம்பர் பதினாறு என்றால் விடுதலை,
அதற்குச் சிவப்பு மை, மணி, கொடி எல்லாம் உண்டு.
பத்தொன்பதுக்கு அப்போது
புனித ஹெனாரோ மட்டும்.
கறுப்பு மை. காலியிடம்.
மளிகைக்காரர்கள் அதில் கடன் எழுதிக்கொள்வார்கள்.

என் கணவர் பெயரும் ஹெனாரோ.
அந்தத் தேதியில் பிறந்தார்,
மாமியார் சுவரைப் பார்த்தார், பெயர் வைத்தார்,
வேலை முடிந்தது.

எண்பத்தைந்து. காலை ஏழு பத்தொன்பது.
முதலில் விளக்கு ஆடியது. பிறகு சுவர்.
அடுப்பில் இருந்த பால்
பொங்காமல் பக்கவாட்டில் நடந்தது.

சான் அந்தோனியோ அபாத் சாலையில்
தையல் தொழிற்சாலைகள்
மடித்த துணிபோல
ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிட்டன.
இயந்திரங்களை மீட்க லாரி வந்தது.
ஆட்களை மீட்க
ஆட்கள்தான் வந்தார்கள்.
ஹெனாரோ எங்கள் வாணலியால் தோண்டினார்.
உள்ளே என் தங்கை எவுஸ்தோலியா,
பித்தான் துளை தைப்பவள்.
மூன்றாம் நாள் அவளுடைய கத்தரிக்கோல் கிடைத்தது.

அவருக்கு இருபத்தேழு முடிந்ததென்று
முந்தின நாளே கேக் வாங்கி வைத்திருந்தேன்.
அதை யார் தின்றார்களோ,
இன்றுவரை தெரியாது.

மறு வருடக் காலண்டரில் ஒரு வரி சேர்த்தேன்:
1985, நிலநடுக்கம்.
முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று
மூன்று முறை பார்த்தேன்.

முப்பத்திரண்டு வருடம்
அந்த ஒரு வரியோடு ஓடியது.
காலையில் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்குவார்கள்,
பிறகு ஒத்திகை.
இரண்டாயிரத்துப் பதினேழிலும் அப்படித்தான்.
பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி அலறியது,
வரிசையாக இறங்கினோம்,
சிலர் சிகரெட் பற்றவைத்தார்கள்,
அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.
ஒன்று பதினாலுக்கு
ஒத்திகையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்ததுபோல
வந்தது.

இந்த ஊரில் முஷ்டி உயர்ந்தால்
கோபம் என்று நினைக்காதீர்கள்.
பேசாதே, லாரியை நிறுத்து,
கல்லுக்கடியில் யாரோ தட்டுகிறார்கள்
என்று பொருள்.
அன்று தெரு முழுக்க முஷ்டி.
நாய்கூட வாயை மூடிக்கொண்டது.
ஐம்பத்தொன்பது வயது முஷ்டி ஒன்று
அதில் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது வரி.
அதற்காக நிலாவைக் கொஞ்சம் மேலே தூக்கினேன்.

அப்புறம் இருபத்திரண்டு.
பன்னிரண்டு பத்தொன்பதுக்கு ஒத்திகை.
மாடி ஏறி வந்து கேக்கில் கத்தி வைத்தார்.
ஒன்று ஐந்து.
"விருந்தாளி வந்தாச்சு" என்றார்.
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு
எல்லோரும் சிரித்தோம்,
சிரித்துக்கொண்டே ஓடினோம்,
தெருவில் போய்த்தான் அழுதோம்.

தொலைக்காட்சியில் ஒரு கணக்குப் பேராசிரியர்
தற்செயல் என்றார்.
நிலத்துக்கு எண் தெரியாதாம்.
சரிதான்.
என் செருப்புக்குத் தெரிந்திருக்கிறது:
பதினெட்டாம் தேதி இரவே
கதவோரம் போய் நிற்கிறது.

ஆகாத நாள், பிறந்த தேதியை மாற்றிக்கொள்ளச் சொல்
என்றாள் எதிர்வீட்டு ஹெர்மெலிந்தா.
எந்த நாளுக்கு?
முந்நூற்று அறுபத்தைந்தையும்
எழுத்தெழுத்தாகப் படித்தவள் நான்.

மூன்றாவது வரிக்கு இடமில்லை,
புனிதரை எடுத்துவிடு என்றார் முதலாளி.
தலையாட்டினேன்.
எடுக்கவில்லை.
பதினெட்டிலிருந்து அரை விரல் திருடினேன்.
எங்கள் காலண்டரில் அன்று எதுவும் நடந்ததில்லை,
இதுவரை.

ஜனவரியில் மளிகைக்காரர் போன் செய்தார்:
கடன் எழுத அந்த நாளில் இடமே இல்லையே, அம்மா?
இருபதில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
கேக்கையும் இப்போது
அங்கேதான் தள்ளி வைத்திருக்கிறோம்.