பனிக்குடம்

ஜனவரி முப்பது. துளைக்கோல் இறக்கிப் பார்த்தாயிற்று:
பனிக்கட்டி இருபத்தெட்டு சென்டிமீட்டர், எங்களைத் தாங்கும்.
அதன்மேல் பெய்த பனி நாலு விரற்கடை.
நாலு விரற்கடைக்குள் ஒளிந்து
எந்தத் தாய் பிள்ளை பெறுவாள்?

சாய்மா ஏரி. தாமதமாக எட்டிப் பார்க்கும் வெயில்
காப்பி ஆறுவதற்குள் காட்டுக்குப் பின்னால் போய்விடும்.
தூவி அளந்து குச்சி நடுகிறாள்:
எட்டு மீட்டர் நீளம், இடுப்புக்கு மேல் உயரம்,
கரைப்பாறையை ஒட்டி, வடக்குப் பார்த்து.
"வாரியின் அலகால் தட்டுங்கள். மிதிக்காதீர்கள்.
மிச்சத்தை ராத்திரிக் குளிர் பார்த்துக்கொள்ளும்."

யாருக்கு இந்த வீடு?
கடலையே கண்டறியாத கடல்நாய்க்கு.
பனியூழி வடிந்தபோது
ஏரியோடு சேர்த்துப் பூட்டப்பட்ட குடும்பம்.
ஐந்நூறுக்குக் கொஞ்சம் முன்பின்.

நாங்கள் போடுவது கூரை மட்டும்.
வாசலும் அறையும் அவள் பாடு:
கீழிருந்து, இருட்டில், நகத்தால்
பனிக்கட்டியைக் குடைந்து வருவாள்,
வந்தால்.

ஆர்மாஸ் பேசுவதில்லை.
நாங்கள் ஒரு வாரி போடும் நேரத்தில் மூன்று போடுவார்.
காப்பிக்கு உட்கார்ந்தால் ஏரிக்கு முதுகு.
நாலு வருஷத்துக்கு முன், மே மாதம், அவர் வலையில்
ஒரு குட்டி, மூச்சுக்கு மேலே வர முடியாமல்.
வலை கூடாதென்ற எல்லைக்கு நூறு மீட்டர் வெளியே,
சட்டப்படி.
தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னவரும் அவர்தான்.
லெம்பி இதைப் பனிவண்டி இரைச்சலில் சொன்னாள்,
பாதிதான் காதில் விழுந்தது.

பிப்ரவரி ஒன்பது. மழை.
பிப்ரவரியில் மழை!
பதினொரு மேட்டில் நான்கு
ஈரச் சர்க்கரையாய் உட்கார்ந்துவிட்டன.
மறுபடி வாரினோம், தோள் கழன்றுவிடும்போல.

அதன்பின் ஏழு வாரம் கிட்டே போகக் கூடாது.
அரைக் கிலோமீட்டர் தள்ளித் தொலைநோக்கி.
பார்த்தவை: காக்கை. காற்று தூக்கிய பனிப்புழுதி.
ஒரு நரி, நாலாம் மேட்டைச் சுற்றி இருமுறை.
'ஒன்றுமில்லை' என்பதை
எத்தனை விதமாக எழுதலாம் என்று பழகிக்கொண்டேன்.

ஏப்ரல் பதினான்கு. ஏரி சாம்பல் நிறம்.
படிவத்தில் ஒரு கட்டம்: பயன்பாடு, ஆம், இல்லை.
முதல் மேடு இல்லை. இரண்டாவதும் இல்லை.
மூன்றில் அகலமான படுக்கைக் குழி, தனி ஆணாக இருக்கலாம்.
நான்கை நரி மேலிருந்து தோண்டி ஏமாந்திருக்கிறது.
அல்லது ஏமாறாமல்.
தூவி கேள்விக்குறி போட்டாள், அழுத்தி.
ஐந்தும் ஆறும் தண்ணீராகக் கிடந்தன.

ஏழாவதன் கூரை உள்ளே விழுந்திருந்தது.
ஆர்மாஸ் வயிறு பதியப் படுத்து
தோள்வரை கையை விட்டார்.
நெடுநேரம்.
"சுவர் வழவழப்பு. உடம்பு உரசிய வழவழப்பு."
பிறகு, "பக்கத்தில் சின்னதாக ஒரு சுரங்கம்.
பெரியவளால் நுழைய முடியாது."
கை வெளியே வந்தபோது விரலிடுக்கில்
சாம்பல் தோய்ந்த வெள்ளை முடி, பஞ்சுபோல.

மே மாதம் முக்குளிப்பவர்கள் இறங்கி
நஞ்சுக்கொடியைத் தேடுவார்கள்.
கணக்குக்கு அதுதான் சாட்சி.
எனக்கு அதுவரை பொறுமையில்லை.
வாரி வாரி நாங்கள் கொட்டிய வெள்ளை
ஒருத்திக்குப் பனிக்குடமாகி,
முதலில் அவளுக்குள்ளும்
பிறகு அவளைச் சுற்றியும்
உடைந்திருக்கிறது.

முடியைக் காகித உறையில் இட்டு
ஆர்மாஸ் பேனா கேட்டார்.
ஏழு என்று எழுதி,
ஒன்று என்று யாரும் படித்துவிடாதபடி
அதன் இடுப்பில் ஒரு கோடு போட்டார்.
"இன்று என்ன தேதி?"
பதினான்கு என்றேன்.
நாளை வலைத்தடை தொடங்குகிறது. அது அவருக்குத் தெரியும்.
"அப்படியானால் நாளை," என்றார்,
என்னிடம் அல்ல.

எட்டாவது மேட்டுக்கு
பத்தடிக்கு ஒருவராக நடந்தோம்.
சேர்ந்து நடந்தால்
இப்போது தாங்காது.