இருக்கை வரைபடம்

மணி அடித்துப் பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு
மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.
கொருக்குப்பேட்டைக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம்.
அங்கே உட்கார்வது அதுதான் முதல்தடவை.

முட்டி இடித்தது.
யாரோ காம்பஸ் முனையால் தோண்டிய பள்ளத்தில்
ஒரு புளியங்கொட்டை கச்சிதமாய்ப் பொருந்தியிருந்தது.
நிமிர்ந்தால்
கரும்பலகை பாதிதான் இருந்தது.
மிச்சத்தை என் மேசையும்
மேசைமேல் நான் அடுக்கிய நோட்டுக் கட்டும்
எடுத்துக்கொண்டிருந்தன.

காலையில் எழுதிய பின்னங்கள் அழியாமல் இருந்தன.
தொகுதி தெரிந்தது.
பகுதி தெரியவில்லை.

டில்லிபாபு நோட்டில் ஜூனிலிருந்து இப்படித்தான்:
ஒரு மூன்று, அதன் கீழே ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.
கண்ணில் பட்டதை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான்.
சிவப்பு மையில் சுழித்து
‘கவனம் இல்லை’ என்று போட்டவள் நான்.

பழைய வினாத்தாளின் முதுகில்
பத்தொன்பது கட்டம் வரைந்தேன்,
கட்டத்துக்கு இரண்டு பேர்.
பென்சில்தான். பேனாவை நம்பவில்லை.

ஷகிலா பானு வலது சுவரோரம் இருந்தாள்
கேட்காத இடது காதை என் பக்கம் காட்டிக்கொண்டு.
கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் என்றிருந்தேன்.
அவளை ஜன்னலோரம் கொண்டுவந்தேன்.
கேட்காத காது கூட்ஸ் வண்டிக்கு.
கேட்கிற காது கணக்குக்கு.

மோசஸ் தூங்குகிறான் என்பதற்காகவே
முதல் பெஞ்சில் வைத்திருந்தேன்.
லாரித் தண்ணீர் பிடிக்க நாலு மணிக்கு எழுகிறவன்
என் முகத்துக்கு நேராகத் தூங்கிக்கொண்டிருந்தான்
வெட்கத்தோடு.
மின்விசிறிக்குக் கீழே மாற்றினேன்.
முதல் பீரியட் போகட்டும்.

நாகவல்லி நாலாம் வகுப்பிலேயே நெடுநெடுவென்று வளர்ந்தவள்.
அன்றிலிருந்து கடைசி.
மூன்று வருஷமாக அவள் பார்த்ததெல்லாம்
பிடரிகளும் ரிப்பன்களும்.
அவளை முன்னால், யாரையும் மறைக்காத மூலையில்.

மறுநாள் டெஸ்க்குகளை இழுத்த சத்தத்துக்கு
கீழ் மாடியிலிருந்து ஆள் வந்தது,
‘மேலே என்ன டீச்சர், கல்யாணமா?’
நாலு நாலு பேராய் முகம் பார்த்து உட்கார்ந்தார்கள்.
முதலில் சிரிப்பு. பிறகு சண்டை.
யுவஸ்ரீயும் கோடீஸ்வரியும்
மூன்று நாள் ஒரே டெஸ்க்கில் பேசாமல் இருந்தார்கள்.
இரண்டு வீட்டுக்கும் ஒரே அடிபம்பு என்பது
என் கட்டங்களில் இல்லை.
அழித்தேன்.

வியாழக்கிழமை, பாதிக் கணக்கில்,
‘மிஸ், கோட்டுக்குக் கீழ ஆறா, எட்டா?’
டில்லிபாபு.
ஜூனிலிருந்து அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
எட்டு என்றேன். என் எட்டு அப்படித்தான், கோணல்.
இன்னொரு முறை எழுதினேன்
குதிகாலை உயர்த்தி, பலகையின் உச்சியில்.
இப்போதெல்லாம் தோள் வலிக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று
நான் நினைத்த மதியம்
நாகவல்லி மேசைக்கு வந்து நின்றாள்.
‘நான் பின்னாடியே போறேன் மிஸ்.
இங்க உக்காந்தா எல்லாரும் என்ன பாக்குறாங்க.
அங்க இருந்தா நான் எல்லாரையும் பாப்பேன்.’

நோட்டுக் கட்டை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன்.
மேசையைச் சுவரோடு தள்ள அவளே ஒரு கை கொடுத்தாள்.
பிறகு அவள் பெயரை அழித்து
கடைசிக் கட்டத்தில் எழுதினேன்.

தாள் அந்த இடத்தில்
கிழியப் பார்க்கிறது.