இழுவைச் சோதனை

பத்தொன்பது வருடம்
பாயான் லெப்பாஸில் நுண்ணோக்கியின் கீழே
தலைமயிரில் பாதிகூட இல்லாத
தங்கக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சில்லுக்கும் வெளியுலகுக்கும் நடுவில்
அது ஒன்றுதான் ஆள்.
இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சேர்க்கும்,
தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல்
என்று புதிதில் நினைத்திருந்தேன்.
இன்ஜினியர் சிரித்தார்:
எந்தக் கம்பிக்கும் மின்தடை உண்டு,
கொஞ்சம் சூடாக எடுத்துக்கொள்ளும்.
எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

போன மார்ச்சில் லைனை வியட்நாமுக்கு மாற்றினார்கள்.
கையில் கொடுத்தது அறுபதாயிரம் வெள்ளி,
ஒரு சுவர்க் கடிகாரம்.
கடிகாரத்தை யாரும் கேட்டு வரவில்லை.

முதலில் வந்தவர் குணாளன்.
கேம்ரியை இரண்டு மோட்டார் நிற்கும் இடத்தில் போட்டுவிட்டு
நாலாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.
"நான் உங்க தம்பி மாதிரிக்கா."
எனக்குத் தம்பி இருக்கிறான்.
அவன் கையில் காசு கொடுப்பதில்லை.
மாதம் எட்டு சதவீதம், கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றார்.
கண்ணைத் திறந்து வைத்திருக்கத்தான்
பத்தொன்பது வருடம் எனக்குச் சம்பளம்.
"இதில் உங்களுக்கு எவ்வளவு?"
"நமக்குள்ள என்னக்கா அதெல்லாம்."
மைலோ பாதிக் கோப்பையில் ஆறிப்போனது.

கூட்டுப் பிடித்த தனலெட்சுமியும்
ஒரு காசு கமிஷன் கேட்டதில்லை.
என் நாலாயிரத்தோடு ஈப்போவோ எங்கேயோ போனாள்.
அன்றிலிருந்து
இனாமாகச் சுமை தூக்குகிறவரைக் கண்டால் பயம்.

பேங்கில் என்சிக் ரஸ்லான், பொறுமையான மனிதர்.
எதைக் கேட்டாலும் ஒரே புத்தகத்தைத் திறந்தார்,
அந்த பேங்க் அச்சடித்த புத்தகம்.
மீன்கடையில் நின்று
இன்றைக்குக் கறி வாங்கலாமா என்று கேட்டால்
வேறென்ன சொல்வார்?

லோகேஸ்வரியைப் பார்க்க ஃபெரியில் போனேன்.
தீவுக்குப் போகத்தான் காசு, திரும்பி வரக் கிடையாது.
அதைச் சொன்னதும் சிரித்தாள்:
"சில திட்டம் நேர்மாறு.
உள்ளே விடும்போது சும்மா விடும்,
வெளியே வரும்போது வாசலில் ஆள் நிற்பான்."

அதே கேள்வியைப் போட்டேன்.
டே தாரிக் ரசீதைத் திருப்பி வைத்து எழுதினாள்:
ஐந்து சதவீதம். மூவாயிரம்.
முதல் நாளே போய்விடும்.
வருடா வருடம் நிர்வாகக் கட்டணம், அது தனி.
மூவாயிரத்தில் எனக்குப் பாதி.

எங்கள் லைனில் கம்பியைக் கொக்கி போட்டு இழுப்போம்,
அறுகிற வரைக்கும்.
எல்லாக் கம்பியும் அறும்; அது குற்றமில்லை.
எங்கே அறுகிறது என்பதே சோதனை.
நடுவில் அறுந்தால் இணைப்பு நல்லது.
ஒட்டிய இடத்தோடு பெயர்ந்து வந்தால்
அந்த லாட்டை அப்படியே நிறுத்தி வைப்போம்.

நான் இன்னும் இழுத்தேன்.
"இந்த மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?"
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள்.
"யாரும் இல்லை. நீங்கள் சேர்ந்தால் எனக்கு நல்லது.
ஆனால் வீட்டுக்கடன் ஏழாயிரம் பாக்கி என்றீர்களே,
முதலில் அதை அடைத்துவிடுங்கள்."
சொன்ன பிறகு
உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை.
அவளுடைய உரிம எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன்.
மறுநாள் ஆணையத்துக்குப் போன் செய்தேன்;
பதினோரு நிமிடம் பியானோ வாசித்தார்கள்,
அப்புறம், ஆமாம், இந்தப் பெயர் பதிவில் இருக்கிறது என்றார்கள்.

ஏழாயிரம் கடனுக்குப் போனது.
லோகேஸ்வரியிடம் இருபதாயிரம்.
மிச்சம் நிரந்தர வைப்பில், என்சிக் ரஸ்லானுக்கு அதில் சந்தோஷம்.

ஜனவரியில் கணக்குத் தாள் வந்தது.
கடிகாரத்தின் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு
அவளுக்குப் போனதை முதலில் தேடினேன்.
ரசீதின் பின்னால் அவள் எழுதிய அதே கணக்கு,
இருபதுக்கு ஆயிரம், பைசா பிசகாமல்.

நான் போட்டது மட்டும்
முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி இறங்கியிருந்தது.
அதற்கும்
அவளே முதலில் போன் பண்ணினாள்.