அழைப்புக் கட்டணம்

ஞாயிறு மதியம். லிஸ்கியர்டில் பெரான் வீட்டு அடுப்பில்
ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருக்கிறது.
என் அண்ணன் குழாய் வேலைக்காரன்.
வெள்ளிக்கிழமை யார் வீட்டிலோ
கொதிகலனில் ஒரு வால்வை மாற்றி
நாற்பது நிமிடத்துக்கு நூற்றைம்பத்தைந்து பவுண்டு வாங்கியதை
உப்பு ஜாடியைத் தள்ளிவிடுவது போலச் சொல்கிறான்.
பெருமையெல்லாம் இல்லை. அதுதான் விலை.

வெள்ளிக்கிழமை நான்
போட்மினுக்கு வெளியே ஓர் ஆஷ் மரத்தில் இருந்தேன்.
அறுபது அடி.
நோய் கண்ட ஆஷை நம்பக் கூடாது:
இலையோடு நிற்கிற கிளை
பிஸ்கட் மாதிரி முறியும், சொல்லாமல்.
இடுப்பில் இரண்டு கயிறு, கையில் ஓடுகிற ரம்பம்,
நேர்கீழே ஒருவருடைய கண்ணாடி அறை.
ஹெட்லி அடிமரத்தில் மூன்று சுற்றுப் போட்ட கயிற்றில்
ஒவ்வொரு துண்டையும்
மாடியிலிருந்து பியானோ இறக்குவது போல இறக்கினான்.
காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை.
எனக்கு நூற்று நாற்பது. அவனுக்குத் தொண்ணூறு.
வீட்டுக்காரர் தேநீர்கூடத் தந்தார், நல்ல மனிதர்,
பிறகு கேட்டார்:
"ஒரு மரம்தானே, இவ்வளவா?"
விறகையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

"அநியாயம், லோவெனா!"
பெரான் மேசையில் குத்தினான். முள்கரண்டி துள்ளியது.
"உசிரைப் பணயம் வைக்கிறே. விலையை ஏத்து.
நம்ம விலையை நாமதான் சொல்லணும்."
எனக்காக ஒருவன் கோபப்படுவது
எவ்வளவு சுகமாக இருந்தது என்றால்
உருளைக்கிழங்கை மூன்றாம் முறை எடுத்துக்கொண்டேன்.

கஸ்டர்ட் வந்தது.
"பின்வேலியில அந்த சைப்ரஸ் இருக்கே,
அடுத்த ஞாயிறு வந்து எடுத்துடேன்.
ஒரு மணி நேர வேலை.
டீசலுக்குத் தர்றேன்."

ஜன்னல் வழியே பார்த்தேன்.
இரட்டைத் தண்டு. பக்கத்து வீட்டுக் கொட்டகை மேல் சாய்வு.
நடுவில் தொலைபேசிக் கம்பி.
சரி என்றேன்.

ஐந்து மணி நேரம் ஆயிற்று.
முடித்துவிட்டு, அவன் வேனைத் திறந்து
அவன் பெயர் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தையே எடுத்தேன்.
மரத்தூள் படிந்த விரலால், அவன் விலையில், எழுதினேன்.

அழைப்புக் கட்டணம் எழுபது.
முதல் மணி நேரம் எண்பத்தைந்து.
அடுத்த நான்கு, அறுபத்தைந்து வீதம்.
ஹெட்லிக்கும் அதே, ஏனென்றால் கயிறு அவன் கையில்.
ஞாயிறு என்பதால் ஒன்றரை மடங்கு.
ஆகமொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது.

மற்றவற்றுக்கு அவன் புத்தகத்தில் கட்டமே இல்லை.
இழை பிரியாவிட்டாலும் வருடம் போனால் வீசியெறிய வேண்டிய கயிறு.
விண்ணப்பத்தில் என் தொழிலைப் படித்ததும்
குரல் மாறுகிற காப்பீட்டுக்காரி.
மார்ச்சில் ஒருநாள் ரம்பம் துள்ளி
கால்சட்டையின் மூன்றாம் அடுக்கோடு நின்றது.
லாரியில் உட்கார்ந்தேன்,
கொக்கியைக் கழற்ற விரல் வரவில்லை.
அதற்கு எவ்வளவு போடுவது?
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

பெரான் முதலில் சிரித்தான்.
பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான்.
"இது என் ரேட்டாச்சே."
"ஆமா."
"ஆனா லோவெனா, இது ஒரு..."
கெரன்சா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு
அவனைத் திரும்பிப் பார்த்தாள்.
அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

செவ்வாயன்று நானூறு வந்தது.
'மீதி அப்புறம்' என்ற குறிப்போடு.
ஹெட்லியின் பங்கு முழுவதையும் முதலில் கொடுத்தேன்.
மிச்சம் என்று எனக்கு எதுவும் இல்லை;
அவனுக்கே இன்னும் தரவேண்டும்.
அண்ணன் இப்போதெல்லாம் போனில்
வானிலையைப் பற்றியே பேசுகிறான்.

புதன் காலை லூவிலிருந்து ஓர் அம்மாள் அழைத்தார்.
பைன் மரம், புயலில் பிளந்தது, கூரைப் பக்கம்.
எவ்வளவு ஆகும்?
தொகையைச் சொன்னேன்.
மறுமுனையில் சத்தமே இல்லை.
வழக்கமாக அந்த இடத்தில்
"பார்த்துப் போட்டுக்கலாம்" என்று நான்தான் ஓடிப்போய் விழுவேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
கெட்டில் கொதித்து, டக்கென்று தானாக அணைந்தது.
அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.