நிழல் எத்தனை மணிக்கு

பொன்வாசல்காரர்கள் காலையில் மட்டும் வேன் அனுப்புவார்கள்.
எலிசா லேண்ட்ஸ், மாலை நாலுக்கு மேல்தான்.
பணகுடிக்குத் தெற்கே நாற்கரச் சாலை விட்டிறங்கி
ஒரே மண்தடத்தில்தான் இரண்டுக்கும் போக வேண்டும்.

முதல் ஞாயிறு பொன்வாசல்.
வேனில் ஏசி. கையில் ரோஸ்மில்க்.
இறங்கியதும் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி.
'பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிசம்க்கா' என்றான்
டை கட்டிய வன்னியப்பன்.
வேன் தொண்ணூறில் வந்ததை
என் வீட்டுக்காரர் கவனித்திருந்தார்.
குவாரி டிப்பர் ஓட்டுகிறவர்,
யார் வண்டி என்றாலும் கண் முள்ளின்மேல்தான்.

அடுத்த ஞாயிறு எலிசா.
பழைய ஆம்னி, பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது.
தூக்குவாளி கிடையாது.
தார் போடுவோம் என்று தட்டியில் எழுதியிருந்த தாரைத் தவிர
தார் எங்கும் இல்லை.
அப்ரூவல் நகல் இரண்டு பேரிடமும் உண்டு.
முப்பது வருஷ வில்லங்கம் இரண்டுக்கும் சுத்தம்.
போர் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன்
அங்கேயும் கொஞ்சம் உப்பு, இங்கேயும் கொஞ்சம் உப்பு.

மஸ்கட்டிலிருந்து நாத்தனாரின் குரல்:
'மைனி, எது நல்ல கம்பெனி?
ஒரே வார்த்தைல சொல்லுங்க,
பணத்தப் போட்டு விடுதேன்.'

ஒரே வார்த்தை.
எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரும்
என்னை இவ்வளவு நம்பிக் கேட்டதில்லை.

நைட் டூட்டி, மணி மூன்று,
ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே
பழைய சார்ட்டின் பின்பக்கம் வரைந்து பார்த்தேன்.
இரண்டு கட்டம். நடுவில் ஒரு காற்றாலை.
கோபுரத்தில் மஞ்சளாக 117.
போன வாரம் அது எனக்கு மேற்கே நின்றது,
இந்த வாரம் கிழக்கே.
ஒரே காற்றாலை.

அப்போதுதான் உறைத்தது
இவன் ஏன் காலையில் கூப்பிடுகிறான்,
அவன் ஏன் சாயங்காலம் கூப்பிடுகிறான் என்று.

இரண்டு பேருக்கும் போன் போட்டுக் கேட்டேன்:
நிழல் எத்தனை மணிக்கு வரும்?

'எந்த நிழல்க்கா?' வன்னியப்பன் சிரித்தான்.
'நிழலுக்குத்தான் வேப்பங்கன்னு வச்சிருக்கோம்லா.'

எலிசாவின் ஜெபஸ்டின் கொஞ்ச நேரம் பேசவில்லை.
'ஆறரைல இருந்து எட்டேகால் வரை.
ஆனி ஆடில இன்னும் வேகமா ஓடும்.
நானும் அங்க ஒண்ணு வாங்கிக் கெடக்கேன்.
கேட்ட மொத ஆளு நீங்கதான் சிஸ்டர்.'

மறைத்தவன்தான் அவனும்.
கேட்டபோது மறைக்கவில்லை.

ஆனாலும் விடிந்து வந்து படுக்கிறவள் நான்.
அவருக்கு இருட்டிலேயே குவாரி,
சாயங்காலம்தான் வீடு.
எலிசா என்றால் நிழல் என் தூக்கத்தில் விழும்.
பொன்வாசல் என்றால்
நாங்கள் இரண்டு பேரும் விழித்திருக்கிற
அந்த இரண்டு மணி நேரத்தில் விழும்.

மறுநாள் டூட்டி முடிந்து யூனிபார்மோடு போனேன்.
நாற்பத்து மூன்றாம் நம்பர் பிளாட்டில்
துப்பட்டாவை விரித்து மல்லாந்து படுத்தேன்.
எல்லைக்கல்லில் சாய்ந்து அவர் காவல்.
ஜெபஸ்டின் தூரத்தில், குடையோடு, என்ன செய்வதென்று தெரியாமல்.
மூடிய இமைமேல் இறக்கை வந்தது, போனது, வந்தது.
பழக்கதோஷம், வாட்சைப் பிடித்து எண்ணினேன்.
நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு.
நோயாளி என்றால் டாக்டரை எழுப்பியிருப்பேன்.
மறுபடி எண்ணத் தொடங்கியது நினைவிருக்கிறது.

'கொறட்ட விட்ட' என்றார் அவர்,
எழுப்பும்போது மணி ஒன்பதரை.

மஸ்கட்டுக்கு ஒரே வார்த்தை அனுப்பினேன்.

பொன்வாசலிலிருந்து இன்னும் போன் வருகிறது,
சென்ட்டுக்கு இருபதாயிரம் குறைத்திருக்கிறார்களாம்.
காலை எட்டு மணிக்குத்தான் அடிப்பான்.
117-ஆல் முடியாததை
வன்னியப்பன் தினமும் செய்துவிடுகிறான்.