அறுபது கையெழுத்து

மாதத்தின் மூன்றாம் வெள்ளி.
நூலகத்து மேசைகளைச் சுவரோடு ஒதுக்கி
பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போடுவது என் வேலை,
மைக்கில் ஊதிப் பார்ப்பதும்.
பேனரில் வௌவாலுக்குக்
கொம்பும் ளகரமும் தனித்தனியாக வந்திருந்தன.
தமிழ்த்துறை பார்க்கும் முன்
மாலையைக் கொஞ்சம் இறக்கித் தொங்கவிட்டேன்.

பொதுமக்களுக்கான சொற்பொழிவு என்பது
ஒரு கோப்பின் பெயர்.
அதற்குள் அழைப்பிதழ், புகைப்படம் நான்கு,
அறுபது கையெழுத்து.
ஆய்வுக்குழு வந்தால் எண்ணுவது கையெழுத்தைத்தான்.
இரண்டாமாண்டு விலங்கியல் மொத்தம் நாற்பத்தொன்று.
மிச்சத்துக்கு மழை.

குலசேகரத்து ஐப்பசி மழை.
கல்லூரி முக்கில் பேச்சிப்பாறை பஸ்ஸுக்கு நின்றவர்கள்
எங்கள் வாசல் தகரத்துக்குக் கீழே ஒதுங்க,
உள்ளே வாங்க, டீ உண்டு என்றேன்.
பொய்யில்லை. டீ உண்டு.
வடை மேடைக்கு மட்டும்.

பதிவேட்டில் நான்கு கட்டம்:
பெயர், நிறுவனம், பதவி, ஒப்பம்.
மரச்சீனி விற்கும் நேசையன்
நிறுவனத்தில் 'சொந்தம்' என்று எழுதினார்.
ஒரு கொத்தனார் பதவியில் 'இல்லை' என்று எழுதி
அடித்துவிட்டு 'உண்டு' என்றார்.
கனகபாய் சொட்டும் கையைச் சேலையில் துடைத்து
நிறுவனம்: ஏழாம் பிளாக்கு,
பதவி: பால்வெட்டு.
ஒப்பம் ஈரத்தில் பரவி
ஒரு சிறிய காயல் ஆனது.

பேராசிரியர் ரெஜி செல்வின் படம் காட்டினார்.
காதால் பார்க்கும் பிராணி என்றார்.
ஓர் இரவில் அது தின்னும் பூச்சிக்குக் கணக்கு சொன்னார்.
பின்வரிசையில் இருவர் உறங்கினார்கள்,
ஒருவர் துறைத்தலைவர்.

'யாருக்காவது கேள்வி?' என்று முதல்வர் சுற்றிப் பார்ப்பதற்கும்
நான் நினைவுப்பரிசைத் தட்டில் வைப்பதற்கும்
நடுவே நாலு நொடி இருக்கும்.
அதற்குள் எழுந்துவிட்டாள்.

"சாரே, வெளுப்பாங்காலம் மூணு மணிக்கு
நெத்தியில லைட்டு கெட்டிட்டு வெட்டப் போவேன்.
ஒரு வாவலு வரும்.
மரத்துக்கு மரம் கூடவே வரும்."

வெளிச்சத்துக்குப் பூச்சி வரும்மா,
பூச்சிக்கு அது வரும்.

"அது எனக்குத் தெரியும்.
ஆறு கொல்லமா ஒரே வரிசை, ஒரே நேரம்.
பனி பிடிச்சு ரெண்டு நாளு நான் போவலேண்ணா
அதுக்குத் தெரியுமா?"

யாரோ சிரித்தார்கள்.
ரெஜி செல்வின் பொத்தானை அழுத்தி
முந்தைய படத்துக்குப் போனார், அதற்கும் முந்தையதற்கு,
தன் பெயர் போட்ட முதல் படம்வரை போய் நின்றார்.
தெரியாதும்மா, என்றார்.
யாரும் இதைப் பார்த்ததாக நான் படிக்கல.
நீங்க பார்க்கணும்னா எப்படிப் பார்ப்பீங்க?

பேச்சிப்பாறை பஸ் ஹாரன் அடித்தது.
பாதிக் கூட்டம் எழுந்து ஓடியது, அவளும்.
நன்றியுரையை நாற்காலிகள் கேட்டன.

அறிக்கையில் எப்போதும் ஒரு வரி உண்டு:
'பங்கேற்றோர் ஐயங்களைக் கேட்டுத் தெளிவு பெற்றனர்.'
தட்டினேன். அழித்தேன்.
'பெறவில்லை' என்று போட்டால் நூலகர் மேடம் கூப்பிடுவார்கள்.
'ஐயங்களைக் கேட்டனர்' என்று நிறுத்தினேன்.

கையெழுத்து ஐம்பத்தெட்டு.
குறைகிற இரண்டை வழக்கமாக நானே போடுவேன்,
ஒன்றை இடக்கையால்.
பேனாவை மூடி வைத்தேன்.

இரவு பத்து மணிக்கு ரெஜி செல்வின் அழைத்தார்.
அந்தம்மா எந்த பிளாக்கு?
பதிவேடு வீட்டில்தான் இருந்தது.
காயலுக்கு இரண்டு கட்டம் தள்ளி வாசித்துச் சொன்னேன்.

மூணு மணிக்குப் போகணும் என்றார்.
மரமெல்லாம் நனைஞ்சு கிடக்கு சார்,
நாளைக்கு வெட்டு இருக்காது, அவங்க வரமாட்டாங்க.

அதனாலதான் நாளைக்கு, என்றார்.