என் பிடி பெரிது

ரோகூமி போய் நாற்பத்தொரு நாள்.
முதல் மாதம் அக்கம்பக்கம் சோறு கொண்டுவந்தது.
இப்போது நானே வடிக்கிறேன்.
இரண்டாவது விசிலில் அரிசி,
மூன்றாவதில் கூழ்.
நடுவில் எங்கோ இருக்கிறது சோறு.

ஐஸ்வாலிலிருந்து சம்பாய்க்கு
இருபத்திரண்டு வருடமாகச் சூமோ ஓட்டுகிறேன்.
பத்துப் பேரும் இடித்து உட்கார்ந்த பிறகு
சாவியைத் திருகுமுன்
யாராவது ஒருவர் ஜெபிக்க வேண்டும்.
யாரும் வாய் திறக்காவிட்டால் நான்.
நன்றாக ஜெபிக்கிறேன் என்பார்கள்.
மண்சரிவை, பிரேக்கை,
பின்சீட்டில் வாந்தியெடுக்கும் பிள்ளையை
ஒரே மூச்சில் ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு
முதல் வளைவில் எதிரே வந்த லாரிக்காரனை
என்ன சொல்லித் திட்டினேன் என்பது
கண்ணாடியில் தொங்கும் சிலுவைக்குத் தெரியும்.

அவள் சபையில் வாய்விட்டு ஜெபித்தது ஒரே முறை.
மாதர் கூட்டத்தில் வற்புறுத்தி எழுப்பிவிட்டார்கள்.
"சோற்றுக்கு நன்றி, ஆமென்" என்று
உட்கார்ந்துவிட்டாள்.
பிள்ளைகள் சிரித்தன.
எனக்கு ஒரு வாரம் வெட்கமாக இருந்தது.

அடுப்போரம் ஒரு பால்பவுடர் டின்.
வேளைக்கு ஒரு பிடி அரிசி, சபைக்கு.
இங்கே எல்லா வீட்டிலும் உண்டு, புதிதல்ல.
ஆனால் அவள் உலைக்கு அளந்த அரிசியிலிருந்துதான் எடுப்பாள்,
மூட்டையிலிருந்து எடுக்கமாட்டாள்.
ஏன் என்றேன்.
"மூட்டையிலிருந்து எடுத்தால்
யாருக்குப் பசிக்கும்?" என்றாள்,
குழம்பைக் கிளறிக்கொண்டே.

பாதை சரிந்து
வண்டி பத்தொன்பது நாள் நின்ற மழையில்
அரிசி கடனுக்கு வந்தது.
இந்த வாரம் விட்டுவிடு என்றேன்.
பதில் இல்லை.
சுவரில் சாய்ந்து அவள் கையையே பார்த்திருந்தேன்,
கொஞ்சமாவது சுருங்குமா என்று.
சுருங்கவில்லை.

சனிக்கிழமை பி பியாக்வேலி வந்தாள்,
சாக்கும் நோட்டும் தராசும்
இரண்டு பெண்களுமாக.
இந்த வீட்டுக்கு நேரே ஐந்து கட்டம் காலி;
துக்க வீடு என்று ஏறாமல் போயிருக்கிறார்கள்.
"அடுத்த வாரம் கொடுங்கள் அண்ணா" என்றாள்.
அப்போதுதான் டின் நினைவு.

மூடியைத் திறந்தால் வண்டு.
மூங்கில் தட்டில் கொட்டி
ஜன்னலோரம் குந்திப் பொறுக்கினேன்.
அந்தப் பெண்கள் படியில் உட்கார்ந்து
போனைப் பார்த்தார்கள்.
அவள் மருத்துவமனைக்குப் போன காலைவரை
போட்டது இது. மொத்தம் எத்தனை பிடி?
எண்ண முடியுமா, அரிசிக்கு என்ன கோடா போட்டிருக்கிறது.
ஒரு கைப்பிடியை மட்டும் எனக்கென்று
சட்டைப்பையில் போட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து அதையும் எடுத்துக்
கொட்டிவிட்டேன்.
தராசு ஒன்றேகால் கிலோ காட்டியது.
பி பியாக்வேலி அவள் பெயரிலேயே எழுதினாள்.
திருத்தச் சொல்லவில்லை.

அன்று இரவு நானும் ஒரு பிடி எடுத்தேன்.
ஸ்டியரிங் பிடித்துப் பழுத்த கை,
என் பிடி பெரிது.
பானையில் பள்ளம் தெரிந்தது.
கொஞ்சம் திருப்பிப் போடலாமா என்று
நின்றேன். உண்மையாகவே நின்றேன்.
தண்ணீர் கொதித்துவிட்டது.

விடியற்காலை நாலரை, பனி,
பத்துப் பேர், யாரும் வாய் திறக்கவில்லை.
கண்ணை மூடினேன்.
மலையும் மண்சரிவும் நாக்கில் ஏறவில்லை.
"சோற்றுக்கு நன்றி, ஆமென்."
பின்சீட்டில் யாரோ களுக்கென்றார்கள்.
சாவியைத் திருகினேன்.

முதல் வளைவில் ஒரு லாரி,
விளக்கைத் தாழ்த்தாமல்.
திட்டினேன்.
பாதியில் கியர் மாற்ற வேண்டியிருந்தது.